இடது காதுக்கு மேலே

ஜெய்னுதீன் கடையில் விழுந்து இன்றோடு ஒன்பது நாள்.

ஏழு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி முந்தாநாள்தான் டாலிகஞ்ச் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. தீவின் அபர்தீன் பஜாரில் தமிழனிடம் தமிழும், வங்காளியிடம் வங்காளமும், மற்ற எல்லாரிடமும் தீவு இந்தியுமாகப் பேசிப் பேசியே லாந்தரும் கயிறும் விற்ற மனிதர், இப்போது பேசுவது ஒரே ஒரு வார்த்தைதான்.

"நாளைக்கு."

பசிக்கிறதா என்றாலும் நாளைக்கு. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றாலும் நாளைக்கு.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி மஸூதாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காரைக்காலில் இருக்கும் அவளுடைய அண்ணன் அப்துல் வஹாப், பினாங்கிலிருந்து வந்திருக்கும் தன் மகனுக்கு இவர்கள் மகள் சபீஹாவைப் பெண் கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டார். மூன்றுக்கும் ஜெய்னுதீன் சொன்னது, "நாளைக்குச் சொல்றேன்." மூன்றாவது முறை மஸூதாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வரப்போறதில்ல. அதுக்குப் பேசாம வாயை மூடிக்கிட்டே இருந்துரலாம்!"

சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வாய் மூடிக்கொண்டது.

தன் நாக்குத்தான் அவர் நாக்கை முடக்கிவிட்டது என்று எட்டு நாளாக அவள் அழுதுகொண்டிருந்தாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. மகள் சபீஹாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை சுபுஹுத் தொழுகை நேரத்தில்தான் எல்லாம் மாறியது.

தகரக் கூரையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. மஸூதா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து ஓதும் குரல் கேட்டது. கொழுந்தன் குத்தூஸ் என்று நினைத்தாள். அண்ணன் விழுந்த செய்தி கேட்டு திக்லிபூரிலிருந்து கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு ஓடிவந்தவர் அவர். ஆனால் குத்தூஸ் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எட்டிப் பார்த்தாள். ஜெய்னுதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செத்த வலது கையை இடது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓர் எழுத்து குழறவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பள்ளிவாசலில் முன்னால் நின்று ஓதுகிறவர் மாதிரி ஓதினார்.

தொழுகை முடியும்வரை அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முடிந்ததும் ஓடினாள்.

"ஏங்க! பேச்சு வந்துருச்சா? அல்ஹம்துலில்லாஹ்! பேசுங்க, ஏதாச்சும் பேசுங்க!"

அவர் திரும்பினார். வாயைத் திறந்தார். முகமெல்லாம் அசைந்தது.

"நாளைக்கு."

"ஓதுனீங்களே! நான் காதால கேட்டேனே!"

"நாளைக்கு... நாளைக்கு." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மஸூதாவின் கண்ணில் இருந்த ஈரம் அப்படியே வற்றிவிட்டது.

"அல்லாகிட்ட பேச நாக்கு வருது. எங்கிட்ட பேச மட்டும் வராதோ?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த குத்தூஸும் விஷயத்தைக் கேட்டார். அவர் இதுவரை ஜின் தொல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தவர். இப்போது பெரிய பாரம் இறங்கியவர் போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணியிடம் சொன்னார்.

"மச்சி, எங்க நானா பில்குல் டீக் ஹை, நல்லாத்தான் இருக்காஹ. இது ஜின்னுமில்ல ஒண்ணுமில்ல, ஜித்து, வெறும் பிடிவாதம்! எங்க வாப்பாவும் இப்படித்தான். கோவம் வந்துச்சுன்னா ஒரு மாசம் பேச மாட்டாஹ. உம்மா அழுது தீர்க்கணும்."

அது போதாதா? வாயை மூடிக்கொண்டே இருங்கள் என்று சொன்னாள், மூடிக்கொண்டு விட்டார்! கை விழுந்தது நிஜமாக இருக்கலாம், பேச்சு விழுந்தது வேஷம். எட்டு நாள் அழுத அழுகையெல்லாம் ஏமாந்த அழுகையாகப் போனதில் மஸூதாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். ஊட்டவில்லை. ஊட்டியது சபீஹா.

"சபீஹா! பேனாவை எடு. மாமாவுக்குக் கடுதாசி எழுதணும். இன்னிக்கு சாயந்திரம் கப்பல் மெயின்லேண்டுக்குப் போவுது. இதை விட்டா இன்னும் இருபது நாள்."

மஸூதாவுக்கு அரபு எழுத்து தெரியும், குர்ஆன் ஓதுவாள். தமிழ் எழுத்தை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வீட்டுக் கடிதமெல்லாம் எட்டாவது படித்த சபீஹாதான் எழுதுவாள். அதனால், தன் கல்யாணத்துக்குத் தானே சம்மதக் கடிதம் எழுத வேண்டிய நிலைமை அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வந்தது.

"சபீஹாவ ஒங்க மகனுக்குத் தர்றதுல எங்களுக்குப் பூரண சம்மதம்னு எழுது."

"வாப்பாவுக்கும் சம்மதம்னு எழுதவா உம்மா?"

"எழுது. வாயைத் தொறந்து மாட்டேன்னு சொல்லட்டும், பாப்போம்."

சபீஹா குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். நீல இன்லேண்டை மடித்து, சோற்றுப் பசை தடவி ஒட்டி, விலாசத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

தாயும் மகளும் பஸ் பிடித்து டவுனுக்குப் போனார்கள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தபாலாபீஸ். ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. கோபமே ஆனாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்கிற அளவுக்கு மஸூதாவிடம் நியாயம் மிச்சமிருந்தது.

டாக்டர் நீலாவதி திருநெல்வேலிக்காரர். தீவு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்படி இருக்கார்? ஏதாவது பேச முயற்சி பண்றாரா?"

"மாத்திரை மட்டும் கொடுங்க டாக்டரம்மா. வாய்க்கு வைத்தியம் வேணாம். வாய் நல்லாத்தான் இருக்கு."

"பேசிட்டாரா?"

"படைச்சவன்கிட்ட பேசுறாஹ. பொண்டாட்டிகிட்டதான் பேச மாட்டேங்குறாஹ."

சொல்ல ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காலையில் கேட்ட ஓதல், சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், மாமனார் ஒரு மாதம் பேசாமல் இருந்த கதை. கடைசியில், எட்டு நாளாக யாரிடமும் சொல்லாத அந்தச் சண்டையையும். பக்கத்தில் நின்ற சபீஹா அப்போதுதான் அதை முதல் தடவையாகக் கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மஸூதாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டர் எழுந்தார்.

"இன்னிக்குப் புதன்கிழமை. நான் கராச்சர்மா டிஸ்பென்சரிக்குப் போகணும். டாலிகஞ்ச் வழியிலதான் இருக்கு. ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க."

"இந்தக் கடுதாசியைப் போட்டுட்டு..."

"மூணு மணி வரைக்கும் தபால் பை கட்ட மாட்டாங்கம்மா. கடுதாசி எங்கயும் ஓடிடாது. வாங்க."

வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் குத்தூஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"குத்தூஸ் பாய், ஆஸ்பத்திரியில உங்ககிட்ட எல்லாம் விவரமா சொன்னேனே? வீட்டுல சொல்லலையா?"

ஆண்கள் வார்டில் ராப்பகலாகக் கூட இருந்தவர் குத்தூஸ்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

"சொன்னேன் டாக்டர் ஸாப். தலைக்குள்ள என்னமோ அடைப்புன்னு சொன்னேன்."

"சரிதான்" என்றார் டாக்டர். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மஸூதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் கடிதம் இருந்தது.

"ஜெய்னுதீன் பாய், இடது கையால ஜன்னலைக் காட்டுங்க."

காட்டினார்.

"தொப்பியைத் தொட்டுட்டு, அப்புறம் சொம்பைக் காட்டுங்க."

தொட்டார், காட்டினார்.

"உங்க பேரு குத்தூஸா?"

இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார்.

"இந்தம்மா உங்க தங்கச்சியா?"

ஜெய்னுதீன் டாக்டரைப் பார்த்த பார்வை, மூன்று மாதம் உபயோகித்த கயிற்றை மாற்றித் தரக் கேட்கும் வாடிக்கைக்காரனைப் பார்ப்பது போல் இருந்தது. பிறகு தலையாட்டி மறுத்தார். குத்தூஸ் துண்டுக்குள் சிரித்தார்.

"புத்தி எப்படி இருக்கு, மஸூதாம்மா?"

"அது தெளிவாத்தான் இருக்கு. அதைத்தானே நானும் சொல்றேன்."

டாக்டர் அலமாரியிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார்.

"இது என்ன?"

ஜெய்னுதீன் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்பது பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது. இடது கையால் தலை வாருவது போல் செய்து காட்டினார். உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"நா... நாளைக்கு."

உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடி சீப்பை முறைத்தார். மறுபடி வாயைத் திறந்தார்.

"நாளைக்கு."

அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவருடைய பிடிவாத முகம் மஸூதாவுக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் உள்ளே போகும், கண் எங்கேயோ பார்க்கும். இது அந்த முகமல்ல. காலையிலும் இது அந்த முகமாக இருந்திருக்காது. அவள்தான் சரியாகப் பார்க்கவில்லை. 

"போதும் டாக்டரம்மா, விட்டுருங்க!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. பாய், என்கூட எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு..."

"மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்று ஜெய்னுதீன் தொடர்ந்தார். அவருக்கே ஆச்சரியம். தடையில்லாமல் இருபது வரைக்கும் போய்விட்டார். டாக்டர் கையைக் காட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"இப்ப அஞ்சு மட்டும் சொல்லுங்க."

"நா... நாளைக்கு."

"இப்பத்தானே சொன்னாஹ!" என்று மஸூதா கத்திவிட்டாள்.

"இப்பத்தான் சொன்னார். ஆனா சொல்ல முடியல. இங்க வாங்க."

மஸூதா அருகில் வந்ததும் டாக்டர் அவளுடைய முக்காட்டின் மேலேயே கையை வைத்தார். இடது காதுக்கு மேலே, கொஞ்சம் முன்னால்.

"மூளை ரெண்டு பாதி. இடது பாதிதான் வலது கையை ஆளுது. பேச்சும் பெரும்பாலானவங்களுக்கு அந்த இடது பாதியிலதான். மனசுல நினைக்கிறதை வார்த்தையாக் கோத்து நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்புற இடம் இது. இங்க வர்ற ரத்தக் குழாய்லதான் அடைப்பு. கையை ஆட்டுற இடமும் பக்கத்துலயே இருக்கு. அதனாலதான் கையும் சேர்ந்து விழுந்துச்சு."

விரல் காதுக்குப் பின்பக்கம் நகர்ந்தது.

"கேக்குற வார்த்தைக்கு அர்த்தம் பிடிக்கிற இடம் இந்தப் பக்கம். அது நல்லா இருக்கு. நீங்க பேசுறதெல்லாம் அவருக்குப் புரியுது. காலையில திட்டுனது உட்பட."

மஸூதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப ஓதுறது டாக்டரம்மா?"

"நாப்பது வருஷமா தினம் அஞ்சு வேளை ஓதுறது. எண்ணுறதும் அப்படித்தான். முதல் வார்த்தை வந்துட்டா மத்தது தானா பின்னால வரும். ஒவ்வொண்ணாத் தேடிக் கோக்க வேண்டாம். அதுக்கு மூளையில வேற இடங்களும், வலது பாதியும் கை கொடுக்குதுன்னு நினைக்கிறோம். ஆனா 'மஸூதா, தண்ணி கொடு'ன்னு சொல்லணும்னா இந்த முன்னால இடம் வேணும். அவருக்கு நாக்கு இருக்கு, புத்தி இருக்கு. நடுவுல இருக்கிற வழிதான் அடைஞ்சிருக்கு."

"மூணு பாஷையும் போச்சா டாக்டர் ஸாப்?" என்றார் குத்தூஸ். இப்போது அவர் குரலில் ஜின்னும் இல்லை, ஜித்தும் இல்லை.

"எது முதல்ல திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாமே திரும்பும்னும் சொல்ல மாட்டேன். ஆனா நிறையத் திரும்பலாம். மாசக் கணக்காகும்."

மஸூதா ஒரே ஒரு கேள்வியை இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரே சொன்னார்.

"வார்த்தையால ரத்தக் குழாய் அடைக்காதும்மா. ரத்தக் கொதிப்பு வருஷக் கணக்கா இருந்திருக்கு, யாரும் பாக்கல. பொண்டாட்டி சொல்ற வார்த்தைக்கு விழறதுன்னா இந்தத் தீவுல ஒரு புருஷன் நிக்க மாட்டான்."

மஸூதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு நாள் அழுகை வேறு, இது வேறு. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. விக்கி விக்கி அழுதாள். அவள் சாபம் பலிக்கவில்லை. அவர் வேஷம் போடவில்லை. இரண்டும் இல்லை என்றால் வேறு எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம்.

"ஒரு நேரத்துல ஒரு கேள்வி கேளுங்க" என்றார் டாக்டர். "ஆமா, இல்லைன்னு தலையாட்டுற மாதிரி இருக்கட்டும். அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்க முந்திக்கிட்டுச் சொல்லிடாதீங்க. பொறுமையா இருங்க. அதுதான் கஷ்டம்."

மஸூதா கட்டிலைப் பிடித்து எழுந்தாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அவளிடம் இருந்த கேள்வியும் ஒன்றுதான்.

"ஏங்க. எம்மேல கோவமா?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஜெய்னுதீன் இல்லை என்று தலையாட்டினார். அது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இடது கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பழக்கமில்லாத கை. பாதி ஈரத்தை மூக்கின் மேல் தேய்த்துவிட்டது. மஸூதா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் கையில் கசங்கிக் கிடந்த இன்லேண்டு அவள் நினைவுக்கு வந்தது. காலையில் எழுதச் சொன்னது எவ்வளவு அநியாயம் என்று இப்போது உறைத்தது.

"சபீஹாவை எங்க அண்ணன் மகனுக்குக் கொடுக்குறதாக் கடுதாசி எழுதச் சொல்லிட்டேங்க. ஒங்களுக்கும் சம்மதம்னு சேத்துட்டேன். போடவா?"

அவர் கடிதத்தை வாங்கினார். ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. உதடு அசைந்தது.

"நா..." என்று ஆரம்பித்தவர், வேண்டாம் வேண்டாம் என்பது போல் தலையை உதறி அந்த வார்த்தையை விரட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கே..."

குத்தூஸ் வாயைத் திறந்தார். மஸூதா கையைக் காட்டி அவரை அடக்கினாள். தன் நாக்கையும் பல்லால் கடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் பேச்சை முந்திக்கொண்டு முடித்துவைத்தே பழகியவளுக்கு அது லேசான காரியமில்லை.

"கே... கே... கேளு."

அவர் கண்ணைத் திறந்தார்.

"சுப்ஹானல்லாஹ்!" என்று குத்தூஸ் கூவினார். மஸூதா கணவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "வந்துருச்சு! டாக்டரம்மா, வந்துருச்சு! கேளுன்னாஹ! கேட்டீங்களா?" டாக்டர் சட்டென்று நோட்டை எடுத்து எழுதினார். ஒன்பது நாளில் இரண்டாவது வார்த்தை.

ஆனால் ஜெய்னுதீன் இந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. கடிதத்தைப் பிடித்த கையை அறைக் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். அங்கே சபீஹா நின்றாள்.

"கேளு" என்றார் மறுபடியும். "கேளு."

மஸூதா திரும்பி மகளைப் பார்த்தாள். மூன்று கடிதம் வந்தது. சண்டை நடந்தது. ஒரு கடிதம் எழுதப்பட்டது. நல்ல நாக்கும் நல்ல மூளையும் உள்ள இந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெய்னுதீன் ஏன் மூன்று தடவையும் தள்ளிப்போட்டார் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. தகப்பனுக்கு மகளிடம் நேராகக் கேட்கக் கூச்சம். தாய்தான் கேட்டிருக்க வேண்டும்.

"சபீஹா, ஒனக்குச் சம்மதமாம்மா?"

சபீஹா தாவணி நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உம்மா, நீங்க அடிக்கக்கூடாது."

"சொல்லு."

"அந்தக் கடுதாசியில நீங்க சொன்னதை நான் எழுதல."

வாசலில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். டாக்டர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நாளாக இருந்தால் மஸூதாவின் கை ஓங்கியிருக்கும். இன்று அவளிடம் கோபமே மிச்சமில்லை. காலையிலேயே மொத்தத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டிருந்தாள். கட்டிலில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், ஜெய்னுதீன் கோணிய வாயோடு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அடிப்பாவி! பின்ன என்னதான்டி எழுதுனே? என் அண்ணனுக்கு நான் அதைத் தபால்ல வேற போட இருந்தேனே!"

கணவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

"பிரிச்சுப் படி. வாப்பாவும் கேக்கட்டும்."

சபீஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பசை காய்ந்த ஓரத்தை நகத்தால் மெல்லக் கிழித்தாள். "மாமா, வாப்பாவுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் என் கல்யாணப் பேச்சு வேணாம்" என்று படிக்க ஆரம்பித்தாள்.